நாற்பது கவுன் பொருத்தனை

மாரெட்பள்ளி, செகந்திராபாத்
12.8.2001

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

சுகந்தி எழுதுகிறேன். இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம். சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் நின்றதா?

போனில் பேசலாம் என்றால் உன் பக்கத்து வீட்டுப் போனில் நான் பேசுவதை நாசரேத்தே கேட்கிறது. இங்கே அத்தை என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்கிறார்கள். கடிதமே மேல்.

நான் பெண் குழந்தைகளுக்குக் கவுன் தைக்க ஆரம்பித்ததை எழுதியிருந்தேன் அல்லவா? மார்புப் பக்கம் துணியைச் சின்னச் சின்னதாகச் சுருக்கி, அதன்மேல் கையாலேயே நூல் வேலை செய்கிற ஸ்மாக்கிங் கவுன். ஹாஸ்டலில் படித்தபோது டீச்சரிடம் கொட்டு வாங்கிக் கற்றது. மேல்வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு ஒன்று தைத்தேன். அதைப் பார்த்து அடுத்த தெருவில் கேட்டார்கள். இப்போது பேகம்பேட்டையில் குழந்தைத் துணிக்கடை வைத்திருக்கும் ஹர்ஷிதா என்ற தெலுங்குப் பெண் கேட்கிறாள். அவள் கடையில் தொங்கவிட்டதெல்லாம் ஒரே வாரத்தில் விற்றுப்போயிற்று. எனக்கே நம்ப முடியவில்லை அக்கா.

ஆனால் தைக்க விட்டால்தானே? ஊசியில் நூலைக் கோத்தால் போதும், அத்தைக்குக் காபி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மிஷினுக்கு உறை போட்டு அதன்மேல் வேதாகமத்தை வைத்துவிடுகிறார்கள். மிஷினைத் தொட வேண்டுமானால் வேதத்தை நகர்த்த வேண்டும். ஓய்வுநாளில் தைக்க எனக்கும் மனசு வராது. ஆனால் நானாக விடுவது வேறு, என்னைக் காவல் வைத்து விட வைப்பது வேறு இல்லையா?

சாயங்கால ஜெபம் இன்னும் மோசம். நேராக என்னைத் திட்ட மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்த வீட்டுல சில பேருக்குத் துணிதான் பெரிசா தெரியுது, ரசத்துல உப்பு இருக்கா இல்லையான்னுகூட பாக்கதில்ல, அவங்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்பார்கள். நானும் ஆமென் சொல்ல வேண்டும்!

அவருடைய வேலை விஷயமாக எழுதுவதற்கு ஒன்றுமில்லை. இருந்தால் எழுத மாட்டேனா? நீ வெள்ளிக்கிழமை உபவாசம் இருப்பதை நிறுத்து. சர்க்கரைக்காரி நீ.

பெனிட்டா பெரியம்மாவுக்கு முத்தம் தரச் சொன்னாள், இந்தியில்.

அன்புத் தங்கை,
சுகந்தி

*

நாசரேத்
2.9.2001

அன்புள்ள தங்கை சுகந்திக்கு,

அக்கா கிருபாவதி எழுதும் மடல். கர்த்தருடைய கிருபையால் நாங்கள் நலம், உங்கள் நலத்துக்காக முழங்காலில் நிற்கிறோம். (அந்த முழங்கால்தான் வலிக்கிறது.)

ஏட்டி, நீ இவ்வளவு அழுத்தக்காரி என்று எனக்குத் தெரியாது! எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று எழுதுகிறாய். உன் மாமியாருடைய தங்கை ஜெபக்கனி சந்தையில் வைத்துச் சொல்கிறாள், "ஜெயசிங்குக்கு முன்னைக்கும் பெரிய கம்பெனியில வேலை ஆயிட்டு, உங்களுக்குத் தெரியாதா?" என்று. கூடப்பிறந்த நான் கத்தரிக்காயைக் கையில் பிடித்துக்கொண்டு முழிக்கிறேன். கண்ணேறு படும் என்று பயந்தாயாக்கும். நமக்கு எதற்கு அந்த அஞ்ஞானம் எல்லாம்?

சரி, போகட்டும். இன்றைக்கு நம் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. சாட்சி சொல்கிறவர்கள் வரலாம் என்றார் குருவானவர். நான் எழுந்து போனேன். மைக்கைப் பிடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு மே மாதம் வேலை போனது, நான் உபவாசம் இருந்தது, கர்த்தர் இரங்கினது எல்லாவற்றையும் சொன்னேன். பாதிச் சபை அழுதது. அந்த வேகத்தில் ஒரு பொருத்தனையும் செய்தேன். இந்த நன்மைக்கு நன்றியாக, என் தங்கை நம் பிள்ளைகள் இல்லத்தில் இருக்கும் நாற்பது பெண் பிள்ளைகளுக்கும் கிறிஸ்துமசுக்குத் தன் கையாலேயே பூ வேலை செய்த கவுன் தைத்துக் கொடுப்பாள் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். சபையில் கை தட்டியது இதுவே முதல் தடவை என்று அத்தான் சொன்னார்.

மாப்பிள்ளையிடம் என் சந்தோஷத்தைச் சொல்.

உன்னை நினைத்துப் பூரிக்கும் அக்கா,
கிருபாவதி

*

செகந்திராபாத்
10.9.2001

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதம் வரும்வரை நானும் சுகமாகத்தான் இருந்தேன்.

நாற்பதா? ஒரு கவுனுக்கு மார்பு வேலை மட்டும் எனக்கு அரை நாள் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியுமா? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழியில் இருக்கிற பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்பார்கள். பிள்ளையார் எதற்கடி நம் கடிதத்தில் என்று கேட்பாய். உடைபட்டது என் தேங்காய், அதனால் எழுதுகிறேன்.

வேதத்தில் ஒருவர், வீட்டிலிருந்து முதலில் எதிரே வருவதைப் பலியிடுவதாகப் பொருத்தனை செய்துவிட்டு வந்து, அது அவர் மகள் தலையில் விடிந்த கதையை ஓய்வுநாள் பள்ளியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீதான். அப்போதே எனக்கு அந்த அப்பாமேல் கோபம் வந்தது. மகள் என்ன செய்தாள் பாவம் என்று கேட்டதற்கு வாயை மூடு என்றாய்.

போய்க் குருவானவரிடம் சொல்லு, தங்கைக்கு முடியாதாம் என்று.

அவர் வேலையைப் பற்றி ஜெபக்கனி சித்தி சொன்னது இருக்கட்டும். நான் அதைப் பற்றி உனக்கு ஒரு வரி எழுதியிருக்கிறேனா? இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன், அத்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

அத்தான் இருமலுக்குச் சித்தரத்தை போட்டுக் கொடு.

சுகந்தி

*

நாசரேத்
24.9.2001

அன்புத் தங்கை சுகந்திக்கு,

நலம். நலமே உண்டாவதாக. உன் கோபமும் சீக்கிரம் சுகமாவதாக.

நீ எழுதியதை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொருத்தனை செய்து செலுத்தாமல் விடுவதைவிடச் செய்யாமலே இருப்பது நல்லது என்று உனக்குத் தெரியாதா? செய்தாகிவிட்டது. இனி செலுத்துவதுதான் வழி. மாமியாருக்குக் கொடுத்த வாக்கு என்ன வாக்கு? சம்பளத்தை வெளியே சொல்லக்கூடாது என்பதா? நான் கேட்கவில்லை, நீயே வைத்துக்கொள்.

இல்லத்து வார்டன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அளவெடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கூட வைத்திருக்கிறேன். அதில் இரண்டு பேர் வளர்கிற பிள்ளைகள், கொஞ்சம் தாராளமாக வெட்டு.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. மாப்பிள்ளைக்குத்தான் வேலை கிடைத்துவிட்டதே, இனி அந்தக் கடைக்காரிக்கு நீ தைத்துக் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன? பொழுதுபோக்குக்குச் செய்வதை ஆண்டவருக்குச் செய்தால் ஆகாதா? நம் வீட்டுப் பெண்கள் ஊசியைக் கையில் எடுத்ததே ஆலயத்துக்கு விரிப்புத் தைக்கத்தான்.

பெனிட்டாவுக்குத் தமிழில் ஜெபம் பண்ணச் சொல்லிக் கொடு.

உன் நன்மையையே நாடும்,
அக்கா

*

செகந்திராபாத்
20.10.2001

அன்புள்ள அக்கா,

சுகம்தான். கை விரல் நுனியெல்லாம் ஊசிக்குத்து. அங்கே மழை உண்டா?

ஹர்ஷிதா கிறிஸ்துமசுக்கு அறுபது கவுன் கேட்டிருக்கிறாள். டிசம்பர் பதினைந்துக்குள் வேண்டும். "சுகந்திகாரு, ஒரு நாள் தள்ளினாலும் நக்கோ, வேண்டாம். எனக்கு டிலே பிடிக்காது. நீங்கள் டைமுக்குக் கொடுத்தால் வருஷம் பூராவும் உங்களிடம்தான்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு இது விளையாட்டு இல்லை அக்கா. இந்த ஒரு ஆர்டரில்தான் நான் நிற்கிறேனா விழுகிறேனா என்பது இருக்கிறது. உன் அளவுக் காகிதத்தை மிஷின் டிராயரில் வைத்திருக்கிறேன். அது அங்கேயே இருக்கும்.

வியாழக்கிழமை நடந்த கூத்தைக் கேள். என்னைக் கேட்காமலே வீட்டு ஜெபக்கூட்டத்தை இந்த மாதம் எங்கள் வீட்டில் வைப்பதாக அத்தை சர்ச்சில் சொல்லிவிட்டார்கள். (உன்னிடம் பழகியவர்கள் போலும்.) முப்பது பேருக்கு வடையும் காபியும். முதல் நாள் புதன் மத்தியானம் அவர் உட்கார்ந்து இஸ்திரி போட்டு மடித்து வைத்த கவுன்களையெல்லாம், யாரும் பார்க்கக் கூடாது என்று அத்தை கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். பாட்டு முடிந்து ஜெபம் தொடங்குகிற நேரம் பெனிட்டா ஒரு கையில் ஒன்றாக இழுத்துக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் நிற்கிறாள். எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

பாஸ்டர் அம்மா, "இவ்வளவும் யாருக்கு?" என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "ஊர்ல அனாதைப் பிள்ளைகளுக்கு, மருமக பொருத்தனை பண்ணித் தைக்கா" என்றார்கள்! கடைக்குத் தைக்கிறாள் என்று சொல்ல அவ்வளவு வெட்கம். பாஸ்டர் என் கைகளுக்காகத் தனியாக ஒரு ஜெபம் செய்தார். ஹர்ஷிதாவின் கவுன்கள் மேல் எல்லோரும் கை வைத்து ஆசீர்வதித்தார்கள். போகும்போது பாஸ்டர் அம்மா, "பொருத்தனைத் துணியில ஒண்ணு என் பேத்திக்கும் கொடேன், ஆசீர்வாதமா இருக்கும்" என்று ரோஜாக் கலர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் மார்பு வேலைக்கு நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன்.

நீ அங்கே பொருத்தனை செய்கிறாய், இவர்கள் இங்கே அதைப் போர்வையாகப் போர்த்திக்கொள்கிறார்கள். நடுவில் தைக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது யாருக்காவது தெரிகிறதா?

எரிச்சலுடன்,
சுகந்தி

*

நாசரேத்
30.10.2001

சுகந்தி,

நலம். உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன்.

புதன்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வீட்டில் இருந்து ஏன் இஸ்திரி போட்டார்? அன்றைக்கு லீவா?

உடனே எழுது.

அக்கா

*

செகந்திராபாத்
28.11.2001

அக்கா,

ஒரு மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. நாலு தடவை பேனாவை எடுத்து வைத்தேன். இதை நானே தபாலாபீசுக்குப் போய்ப் போடுகிறேன்.

லீவு இல்லை. வேலையே இல்லை. மே மாதம் போனது போனதுதான். அந்த மாதாப்பூர் கம்ப்யூட்டர் கம்பெனி பாதிப் பேரை அனுப்பியது, பிறகு ஆபீசையே மூடிவிட்டது. ஒரு இடத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். செப்டம்பரில் அமெரிக்காவில் அந்தக் கட்டடங்கள் விழுந்ததும், இப்போது வேண்டாம் என்றுவிட்டார்கள். அதற்கு முன்பே, ஆகஸ்டில், ஜெபக்கனி சித்தியின் மகனுக்கு ஆஸ்திரேலியா விசா வந்ததை அவர்கள் போனில் சொல்லச் சொல்ல, அத்தைக்குப் பொறுக்கவில்லை. என் மகனுக்கும் பெரிய இடம் ஆயிட்டு என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொந்தத்துல எங்களைத் தலை குனிய வச்சிராத பிள்ள" என்று அழுதார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாக்குக் கொடுத்தேன். இன்றைக்கு அதை மீறுகிறேன், ஆண்டவர் என்னை என்ன செய்தாலும் சரி.

வாடகை, பெனிட்டா பள்ளிக்கூடம், அத்தையின் பிரஷர் மாத்திரை, அந்த ஜெபக்கூட்டத்து வடை, எல்லாம் இந்த மிஷினிலிருந்துதான் வருகிறது. நீ பொழுதுபோக்கு என்று எழுதினாயே, அது இதுதான்.

அவர் வீட்டில் சும்மா இல்லை. காலையில் விண்ணப்பங்கள் எழுதுகிறார். பிறகு இஸ்திரி போடுகிறார், பித்தான் தைக்கிறார். முதலில் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தார், இப்போது சாத்துவதில்லை. யாராவது வந்தால் அத்தைதான் ஓடிப்போய் அவர் மடியிலிருப்பதைப் பிடுங்கிவிட்டு நியூஸ்பேப்பரைக் கொடுப்பார்கள்.

வராத வேலைக்கு நீ நன்றி சொல்லி, அதற்கு நாற்பது கவுன் கேட்கிறாய். அந்த நாற்பதைத் தைத்தால் ஹர்ஷிதாவுக்குக் கொடுக்க முடியாது. அவளுக்குக் கொடுக்காவிட்டால் ஜனவரியில் நாங்கள் எதைச் சாப்பிடுவது? எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. ஆண்டவருக்கு நான் கடன்காரியா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயத்தோடேயே இன்று இரண்டு கவுன் முடித்தேன்.

அத்தையைக் காட்டிக் கொடுத்துவிடாதே.

சுகந்தி

*

நாசரேத்
27.12.2001

என் அருமைச் சுகந்திக்கு,

கிறிஸ்து பிறப்பின் வாழ்த்துகள். தாமதமான வாழ்த்துதான். எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் அழுகை வந்தது, அப்புறம் உன்மேல் கோபம், அப்புறம் உன் மாமியார்மேல், கடைசியில் ஜெபக்கனிமேல். அவள் முகத்தைப் பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று, ஆலயத்தில் வேறு பக்கம் உட்காருகிறேன்.

கவுன் விஷயத்தை நான் எப்படியோ சமாளித்துவிட்டேன். ரயில்வே பார்சலில் எங்கேயோ மாட்டிக்கொண்டது, ஈஸ்டருக்குள் வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். கர்த்தர் மன்னிப்பாராக. குருவானவர் அந்தப் பார்சல் சேரவும் ஜெபித்தார். பிள்ளைகளுக்கு வழக்கமாக வருகிற புதுத்துணி வந்துவிட்டது, யாரும் பழையதைப் போட்டுக்கொண்டு நிற்கவில்லை. அதை நினைத்து நீ கலங்க வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஆண்பிள்ளை வேலையில்லாமல் வீட்டில் இருக்கும்போது, பெண்டாட்டி அவர் கண்ணெதிரே மிஷினை ஓட்டிச் சம்பாதித்தால் அவர் மனசு என்ன பாடுபடும்? கொஞ்சம் மறைவாகத் தை. அவர் கையில் பித்தானைக் கொடுக்காதே, அது எனக்குக் கேட்கவே என்னவோ போல இருக்கிறது.

அச்சுமுறுக்கும் நெத்திலிக் கருவாடும் அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாசத்தை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். சர்க்கரையைப் பற்றிப் பேசாதே.

கண்ணீருடன்,
அக்கா

*

செகந்திராபாத்
10.2.2002

அக்காவுக்கு,

சுகம். முறுக்கு வந்தது, பாதி தூளாக வந்தது. பெனிட்டா தூளையும் விடவில்லை.

நீ எழுதிய "மறைவாகத் தை" என்பதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் தபால்காரர் கை வெந்திருக்கும்.

அறுபதையும் ஒரு நாள் முன்னதாகவே கொடுத்தேன். பாஸ்டர் அம்மா எடுத்துப் போனதற்குப் பதிலாக ஒன்றை விடிய விடியத் தைத்தோம், நான் தைக்க அவர் விளக்குப் பிடித்தார், அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. இப்போது ஹர்ஷிதா கோடைக்குக் காட்டன் கவுன் கேட்கிறாள். ஓரம் மடித்துக் கொடுக்க அடுத்த வீட்டு ரமாவைச் சேர்த்திருக்கிறேன்.

இன்னொன்று. அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. இது உண்மையாகவே. பாலாநகரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பாக்டரியில் கம்ப்யூட்டர் பிரிவு. பழைய சம்பளம் இல்லை, ஆனால் மாதா மாதம் வரும். முதல் நாள் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய் அழுதேன்.

அன்று சாயங்காலமே அத்தை மிஷினைப் பால்கனிக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த இடத்தில் சோபா போட வேண்டுமாம். சாயங்கால ஜெபத்தில், "இனியாவது இந்த வீடு வீடாக இருக்கட்டும் ஆண்டவரே" என்றார்கள். நான் ஆமென் சொல்லவில்லை.

சுகந்தி

*

நாசரேத்
18.2.2002

கர்த்தருக்குள் மகிழ்ந்து களிகூரும் தங்கைக்கு,

அல்லேலூயா! நலத்துக்கு மேல் நலம்!

பார்த்தாயா? நான் செப்டம்பரில் நன்றி சொன்னபோது நீ என்ன குதி குதித்தாய்! பெறுவதற்கு முன்பே பெற்றதாக விசுவாசித்து நன்றி சொன்னேன், கர்த்தர் கொடுத்துவிட்டார். ஐந்து மாதம் முந்திவிட்டேன், அவ்வளவுதான். இனி நான் சொன்னது பொய்யும் இல்லை, உன் மாமியார் சொன்னது பொய்யும் இல்லை. எல்லாம் நேராகிவிட்டது. நடுவில் நடந்ததை யாரும் அறிய வேண்டியதில்லை.

ஆகையால் கடைக்காரியை விட்டுவிட்டு, நாற்பது கவுனை நிம்மதியாகத் தை. ஈஸ்டரன்று நான் சாட்சி சொல்லிப் பொருத்தனையை நிறைவேற்றிவிடுகிறேன். உன் மாமியார் சொல்வதிலும் நியாயம் உண்டு. கஷ்ட காலம் முடிந்தது, இனி வீட்டைப் பார்.

பூரிப்புடன்,
அக்கா

*

செகந்திராபாத்
27.2.2002

அக்கா,

உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். அப்புறம் கேட்கிறேன்.

நடுவில் நடந்ததை யாரும் அறிய வேண்டியதில்லையா? அந்த நடுவில்தான் நான் இருந்தேன்! ஒன்பது மாதம் இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது நடுவில்தான். வேலை கிடைக்காதபோதும் நீ எழுந்து நின்று அவர் வேலைக்கு நன்றி சொன்னாய். கிடைத்த பிறகும் அதற்கே நன்றி சொல்லப் போகிறாய். இடையில் என் கைக்கு வேலை வந்ததே, அதை யார் கொடுத்தார்? பிசாசா கொடுத்தது? ஒவ்வொரு ராத்திரியும் மிஷின் முன்னால் உட்கார்ந்து, ஆண்டவரே கண்ணைக் காத்துக்கொள்ளும், நூல் அறாமல் இருக்கட்டும் என்று நான் செய்ததும் ஜெபம்தான். அதை ஆண்டவர் கேட்டார். எனக்குத் தெரியும். உங்கள் யாருக்கும் தெரியவில்லை.

மிஷினைப் பால்கனியிலிருந்து நானும் ரமாவும் தூக்கிவந்து பழைய இடத்தில் போட்டுவிட்டோம். அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோபா வந்தால் பால்கனியில் போட்டுக்கொள்ளட்டும்.

நாற்பது கவுனும் தைக்கிறேன். கடைக்குத் தைத்துக்கொண்டே, என் வேகத்தில் தைப்பேன். முதல் பத்தை ஈஸ்டருக்கு முன் அனுப்புகிறேன், மீதி வருஷத்துக்குள் வரும். நானும் நன்றி சொல்ல வேண்டியவள்தானே. ஆனால் இது அவர் வேலைக்காக இல்லை. என் வேலைக்காக. நீ எந்த இடத்தில் நின்று சொன்னாயோ அதே இடத்தில் நின்று இதைச் சொல்ல வேண்டும். முடியாது என்றால் எழுது, பார்சல் வராது. இந்த முறை நிஜமாகவே வராது.

அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பித்தான் தைத்துக்கொண்டிருந்தார், இப்போதும் ராத்திரி கொஞ்சம் தைக்கிறார். நிமிரவில்லை. "சொல்லட்டும்" என்றார். அடுத்த பித்தானை எடுத்துக்கொண்டே, "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

சுகந்தி

*

நாசரேத்
3.4.2002

அன்புள்ள சுகந்திக்கு,

உயிர்த்தெழுந்த கர்த்தரின் சமாதானம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்டாயே, அது போதும்.

உன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. கோபம் இல்லாமல் இல்லை. என் தங்கை எனக்கே நிபந்தனை போடுகிறாளா என்று பத்து நாள் உர்ரென்று இருந்தேன். அத்தானுக்குச் சோறு வைக்கும்போதெல்லாம் தட்டு சத்தம் போட்டது. கடைசியில் அவர்தான், "உன் தங்கச்சி கேட்டதுல என்ன தப்பு? எனக்குச் சொல்லு பாப்போம்" என்றார். தட்டைச் சத்தமில்லாமல் வைத்தேன்.

பத்துக் கவுனும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றின் மார்பு வேலையையும் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

ஈஸ்டர் ஆராதனையில் எழுந்து போனேன். ஆலயம் நிறைய ஜனம். மூன்றாவது வரிசையில் ஜெபக்கனி. போன தடவை அழுகை வந்தது, இந்தத் தடவை மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "செப்டம்பர் மாசம் இந்த இடத்துல நான் ஒரு சாட்சி சொன்னேன். அது அப்ப நடக்காத காரியம். விசாரிக்காம சொன்னது என் தப்பு, வேற யார் தப்பும் இல்ல. பார்சல் ரயில்ல மாட்டிக்கிட்டுன்னு சொன்னதும் பொய்" என்றேன். "ஒம்பது மாசம் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது என் தங்கச்சி கை. அந்தக் கைக்கு வேலை கொடுத்த ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் வந்திருக்கேன். இந்தக் கவுன் அதுக்குத்தான்" என்று சொல்லி, ஒன்றை விரித்துக் காட்டினேன்.

யாரும் கை தட்டவில்லை. இன்னும் ஏதோ சொல்வேன் என்று குருவானவர் நினைத்தார் போலிருக்கிறது. அப்புறம் மெதுவாக, "சந்தோஷம்மா. மாப்பிள்ளைக்கு இப்ப வேலை கிடைச்சிருக்காமே, அதையும் சேத்துச் சொல்லிருங்க" என்றார். "அதை மாப்பிள்ளை வந்து சொல்லட்டும் ஐயா. இது என் தங்கச்சிக்கு" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்கு எங்கிருந்து அந்த வாய் வந்தது என்று தெரியவில்லை. உன் கடிதங்களை வாசித்து வாசித்து ஒட்டிக்கொண்டதாக இருக்கும்.

ஜெபக்கனி வாசலில் வைத்து என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துபோயிருக்கும். இந்நேரம் உன் மாமியாருக்குப் போன் வந்திருக்கும். மாப்பிள்ளை பேசிக்கொள்வதாகச் சொன்னதை நம்பியிருக்கிறேன்.

பத்துப் பிள்ளைகளும் அன்றைக்கே போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் எங்களுக்கு எப்போ என்று கேட்டார்கள். அவளுக்கு நேரம் கிடைக்கும்போது என்றேன்.

ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கியத் தலைவி என்னைத் தேடி வந்தாள். மே மாதம் ஆலயக் கட்டட நிதிக்கு விற்பனை விழா வைக்கிறார்களாம். "உங்க தங்கச்சி கவுன் இருபது கொடுத்தா நல்லா விலை போகும். ஆண்டவர் காரியந்தானே, கொடுப்பாள்லா? பேர் எழுதிக்கிடட்டுமா?" என்று நோட்டைத் திறந்துவிட்டாள். எனக்கு வழக்கம்போல் 'அதுக்கென்ன' என்று வாய் வரை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாது. அவகிட்ட எழுதிக் கேளுங்க" என்று சொல்லி, உன் விலாசத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன் அக்கா,
கிருபாவதி